வழக்கு மருத்துவமனையிலேயே தோற்றுவிடுகிறது

காவிரி டெல்டா மாவட்டங்களின் நீதிமன்றங்களில் சாதி வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்கும் வழக்கறிஞர் நான். தீர்ப்பு பாதகமாக வந்தால் எல்லோரும் நீதிபதியைத்தான் திட்டுகிறார்கள். என் அனுபவத்தில் பல வழக்குகள் சம்பவம் நடந்த அன்றே, அரசு மருத்துவமனை வாசலிலேயே தோற்றுவிடுகின்றன.

மதகில் தண்ணீர் திருப்பிய தகராறில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, மண்வெட்டிக் காம்பால் ஒருவரின் மண்டையை உடைத்தார்கள். மருத்துவமனையில் அவர் பேசும் நிலையில் இல்லை. உடன் வந்த மைத்துனர், அடித்தவர்களின் ஆள் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, “வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டார்” என்றார். மருத்துவர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதினார். பிறகு நீதிமன்றத்தில் ஐந்து சாட்சிகள் உண்மையைச் சொன்னார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒற்றை வரியை மட்டும் உரக்கப் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

மருத்துவர் கேட்கும்போது யார், எதனால், எங்கே, எத்தனை மணிக்கு அடித்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெயர் தெரிந்தால் பெயரோடு. ஆள் நிற்கிறான் என்ற பயம் இருந்தால், அறைக்குள் போய்த் தனியாகச் சொல்லலாம். ஏ.ஆர். எனப்படும் அந்த விபத்துப் பதிவேட்டின் நகலையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது புகார் மனு. ‘சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்’ என்று நாகரிகமாக எழுதிக் கொடுக்கிறார்கள். எழுதக் கூசும் சொல்லாக இருந்தாலும் வாயிலிருந்து வந்தபடியே எழுத வேண்டும். எங்கே நின்று சொன்னார் என்பதும் முக்கியம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் ஆர், எஸ் உட்பிரிவுகள் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தைக் கேட்கின்றன. வெளியார் யாரும் இல்லாமல் வீட்டின் நான்கு சுவருக்குள் பேசியது அதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே வாய்க்கால் கரையா, டீக்கடையா, களத்துமேடா, அப்போது அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் மனுவில் இருக்க வேண்டும்.

இரவில் நடந்திருந்தால் வெளிச்சத்தைப் பற்றி எழுதாமல் விடாதீர்கள். எந்தத் தெருவிளக்கு எரிந்தது, அங்கிருந்து எத்தனை அடி தூரம், அன்று மின்தடை இருந்ததா? இதெல்லாம் அற்ப விவரமாகத் தோன்றும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. கூலிக்காரர்களின் கண் பார்த்ததை நம்பத் தயங்கும் மனம் இன்றும் நீதிமன்றங்களில் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்பது என் கருத்து. அதனால்தான் விளக்குக் கம்பத்தைக்கூட விடாதீர்கள் என்கிறேன்.

வீடியோ இருந்தால் அது பதிவான செல்போனைப் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறிய நகலில் எப்போது, யார் எடுத்தது என்பதே தெரியாது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழுக்கும் எடுத்தவரும் கருவியும் தேவை. பாட்டுச் சேர்த்து, வெட்டி ஒட்டி முகநூலில் போடுவது அடித்தவர்களுக்குத்தான் உதவும்.

உண்மை அறியும் குழுக்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. அவை போகாவிட்டால் பல ஊர்ப் பெயர்கள் வெளியே தெரிந்தே இருக்காது. ஆனால் ஒரே பெண்ணை நாலு குழு நாலு விதமாகக் கேட்டு நாலு அறிக்கை வெளியிட்டால், குறுக்கு விசாரணையில் அவரை மடக்க அந்த முரண்களே போதும். ஒருமுறை, பொறுமையாக, அவருடைய சொற்களிலேயே கேட்டு எழுதினால் போதாதா? நடவுக்குப் போகும் பெண்கள் சாட்சியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் வயலில்தான் நாளைக்கும் அவர்களுக்குக் கூலி. நாள் கடந்தால் சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியாகிவிடுவார்கள். நீதித்துறை நடுவர் முன் சீக்கிரமே வாக்குமூலம் பதியக் கேளுங்கள்.

காவல் நிலையத்தில், ‘விசாரித்துவிட்டுப் பதிகிறோம்’ என்பார்கள். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு தெளிவாகவே சொல்கிறது. மறுத்தால் மனுவை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி.

ஊர்ப் பெரியவர்கள், ‘திருவிழா முடியட்டும், பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று நிறுத்திவைத்ததால் புகார் தாமதமானால், யார் சொன்னார், என்றைக்குச் சொன்னார் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். காரணம் எழுதாத தாமதத்தை ஜோடிப்பு என்று வாதிடுவார்கள். எதிர்ப் புகாரும் பெரும்பாலும் வரும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்காமல் ஸ்டேஷனை விட்டு நகராதீர்கள். அதில் தேதியோடு நேரமும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். யார் முதலில் புகார் கொடுத்தார்கள் என்ற கேள்வி வரும்போது அதைத்தான் காட்ட முடியும்.