மின் மலைச் சைக்கிளின் மோட்டார் உதறாமல் தள்ளுவது எப்படி?

என்னதான் நிதானமாக மிதித்தாலும் கால்கள் சீரான விசையைத் தருவதில்லை. கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கம்பி, படுக்கைவாட்டில் இருக்கும்போது முறுக்குவிசை உச்சத்துக்குப் போகும். ஒரு பெடல் உச்சியிலும் மற்றது அடியிலும் வரும்போது விசை வெகுவாக இறங்கிவிடும். ஆக, ஒரு சுற்றுக்கு இரண்டு உச்சம், இரண்டு பள்ளம். கிராங்க் அச்சிலுள்ள டார்க் சென்சார் (முறுக்குவிசை உணரி) இதை அப்படியே அளக்கிறது. மோட்டாரும் அதையே சில மடங்காக்கித் தந்தால், சரளைக்கல் ஏற்றத்தில் ஒவ்வோர் உச்சத்திலும் பின்சக்கரம் வழுக்கப் பார்க்கும். வழுக்கத் தொடங்கிய டயருக்கோ பிடி இன்னும் குறைவு.

சரி, சென்சார் தரும் எண்களைச் சராசரி எடுத்துவிட்டால்? துடிப்பு அடங்கும், ஆனால் மோட்டார் தாமதிக்கும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் உச்சத்துக்கும் உச்சத்துக்கும் இடையே அரை வினாடி. அந்த அரை வினாடிக்குச் சராசரி எடுத்தால் மோட்டார் சுமார் 0.25 வினாடி பின்தங்கும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சைக்கிள் அதற்குள் ஏறத்தாழ 70 செ.மீ. போயிருக்கும். பள்ளத்தின் விளிம்பில் மிதிப்பதை நிறுத்தியவருக்கு அது ரொம்ப தூரம்.

மிதி வேகம் 40 சுற்றாகக் குறைந்தால் அரை வினாடிக் கணக்கே பொருந்தாது. அதனால் நேரத்தை விட்டுவிட்டு, கிராங்க் கோணத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசி அரைச் சுற்றுக்குச் சராசரி எடுப்பது நல்ல வழி. அப்புறம், விசை கூடும் வேகமும் குறையும் வேகமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. கூடும்போது மெதுவாக, நிறுத்தும்போது சட்டென்று.

மெதுவாகக் கூட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிதிக்கத் தொடங்கும்போது, விசையை ஒரே திசையில் மட்டும் கடத்தும் ஒருவழிக் கிளட்ச்சிலும் பற்சக்கரங்களிலும் சிறு இடைவெளி இருக்கும். மோட்டார் முழு பலத்தோடு அதை மூடினால் ‘டக்’கென்று அடி விழும். முதலில் கொஞ்சம் மின்னோட்டம் கொடுத்து, பற்கள் ஒட்டிய பிறகு கூட்டினால் அந்தச் சத்தமே வராது.

மோட்டாரின் சில மலைப்பாதை மோடுகள் (இயக்க முறைகள்), நிறுத்தும்போது சட்டென்று என்ற விதியை வேண்டுமென்றே மீறுகின்றன. பெடல் பாறையில் இடிக்கும் என்று காலை நிறுத்தினாலும், மோட்டார் இன்னும் ஒரு கணம் தள்ளிச் சக்கரத்தைப் படி ஏற்றிவிடும். பழகியவர்களுக்கு இது வரம்; புதியவர்களுக்குத் திடுக்கிடல்.

செயலியில் அமைப்புகளை மாற்ற முடிந்தால், ஈரமான வேர்களும் உதிரிக் கற்களும் நிறைந்த பாதையில் உச்ச விசையில் கைவைக்கும் முன், தொடக்கத்தில் விசை கூடும் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பேன். ஏறத் தேவையான பலம் அப்படியே இருக்கும், முதல் உதறல் மட்டும் தணியும்.