டிஸ்னி வேர்ல்ட் ட்ரிப்: உள்ள தங்கறதா, வெளிய தங்கறதா? ரூம் ரேட்டை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க

ஸ்ப்ரிங் பிரேக், தேங்க்ஸ்கிவிங், டிசம்பர் லீவு வருதுன்னாலே எனக்கு வர்ற முதல் கேள்வி இதுதான். "ஆர்லாண்டோ போறோம், டிஸ்னிக்கு உள்ளயே ரூம் போடலாமா, இல்ல வெளிய சீப்பா கிடைக்கறத எடுத்துடலாமா?" டிராவல் பிளானிங்தான் என் தொழில், கேக்கறவங்க பெரும்பாலும் நியூஜெர்சி, டல்லாஸ், அட்லாண்டா பக்கம் இருக்கற நம்ம குடும்பங்க, ரெண்டு குழந்தைங்க, கூடவே ஊர்லேர்ந்து வந்திருக்கற அப்பா அம்மா. கேக்கும்போதே கையில ஒரு வாட்சப் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். வெளிய 90 டாலர், உள்ள 180 டாலர், சரிபாதி விலை, அப்புறம் எதுக்கு உள்ள போகணும்னு ஏறக்குறைய முடிவு பண்ணிட்டுத்தான் பேசுவாங்க.

அந்த 90 எப்படி வளருதுன்னு ஒரு உதாரணத்துக்குப் போட்டுப் பாக்கலாம். வெளிய இருக்கற நிறைய ஹோட்டல்ல ரூம் வாடகைக்கு மேல ரிசார்ட் ஃபீன்னு ஒரு கட்டாயக் கட்டணம் இருக்கு, ஒரு நைட்டுக்கு 40 டாலர்னு வெச்சுக்கோங்க, ஆச்சு 130. ஆர்லாண்டோ இருக்கற ஆரஞ்ச் கவுண்ட்டியில ஹோட்டல் டாக்ஸ் மொத்தமா 12.5 சதவீதம், 146 ஆச்சு. ஹோட்டல்லயே கார் நிறுத்த 20 டாலர், காலையில டிஸ்னி பார்க்குக்குப் போனா அங்க பார்க்கிங் 30 டாலர்னு வெச்சுக்கோங்க, இப்ப 196. உள்ள இருக்கற டிஸ்னியோட சொந்த ஹோட்டல்ல ரிசார்ட் ஃபீ கிடையாது, 2023 ஜனவரியிலேர்ந்து நைட் பார்க்கிங்குக்கும் காசு இல்ல, தங்கறவங்களுக்கு தீம் பார்க் பார்க்கிங்கும் ஃப்ரீ, அதனால 180க்கு டாக்ஸ் போட்டா 202 டாலர் 50 சென்ட், அவ்ளோதான். 90 டாலர் வித்தியாசம்னு நெனச்சது 6 டாலர்ல வந்து நிக்குது. 2025 மே மாசத்துலேர்ந்து கட்டாயக் கட்டணத்தையும் சேத்துத்தான் விலை காட்டணும்னு அமெரிக்காவுல ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி வந்தாச்சு, நல்ல விஷயம், ஆனா டாக்ஸ், பார்க்கிங் எல்லாம் இப்பவும் தனியா வரலாம், அதனால பேமெண்ட் பக்கத்தோட கடைசி வரைக்கும் போய் மொத்தத்தைப் பாருங்க. இன்னொண்ணு, டிஸ்னி இடத்துக்குள்ளயே இருந்தாலும் ஸ்வான், டால்ஃபின் ரெண்டும் வேற கம்பெனி நடத்தறது, அங்க ரிசார்ட் ஃபீ, பார்க்கிங் ரெண்டும் உண்டு.

அடுத்து தூரம். "டிஸ்னியிலேர்ந்து ஒண்ணரை மைல்"னு போட்டிருக்கும். எந்த டிஸ்னியிலேர்ந்து? 1971ல தொறந்த அந்த இடம் மொத்தம் சுமார் 40 சதுர மைல், அதுக்குள்ள மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம்னு 4 பார்க் தனித்தனியா சிதறிக் கிடக்கு. அந்த ஒண்ணரை மைல் எல்லைக்கோடு வரைக்கும்தான் இருக்கும், உங்களுக்கு வேண்டிய பார்க் வாசல் அங்கேர்ந்து இன்னும் எவ்ளோ தூரமோ. நான் எல்லார்கிட்டயும் சொல்றது, ஹோட்டல் அட்ரஸையும் பார்க் பேரையும் மேப்ல போட்டு, காலை 7:30க்கு கிளம்பற மாதிரி டைம் வெச்சுப் பாருங்க, ஐ-4 ஹைவே அந்த நேரத்துல எப்படி இருக்குன்னு அப்பத்தான் தெரியும். "ஃப்ரீ ஷட்டில்" இருக்குன்னு சொன்னா ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டு எத்தனை மணிக்கு எத்தனை ட்ரிப், முன்பதிவு பண்ணணுமா, வழியில எத்தனை ஹோட்டல்ல நிக்கும், மேஜிக் கிங்டம்னா எங்க எறக்கி விடுவாங்கன்னு கேளுங்க. பல இடத்துல காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டுதான்.

எங்க எறக்கி விடுவாங்கங்கறத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, மேஜிக் கிங்டம்ல கார் நிறுத்தற இடம் பார்க் வாசல்ல இல்ல. ஏரிக்கு இந்தக் கரையில டிக்கெட் சென்டர் பக்கத்துல நிறுத்திட்டு, அங்கேர்ந்து ஃபெரி இல்லன்னா மோனோரயில் ஏறி அந்தக் கரைக்குப் போகணும். காலையில குழந்தைங்களுக்கு அதுவே ஒரு ரைடு மாதிரி ஜாலியா இருக்கும். ராத்திரி ஃபயர்வொர்க்ஸ் முடிஞ்சு திரும்பறதத்தான் யாரும் யோசிக்க மாட்டேங்கறாங்க. மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல வெளிய வரும், ஃபெரிக்கு கியூ, எறங்கினா பார்க்கிங் டிராமுக்கு கியூ, டிராம்ல ஸ்ட்ரோலரை மடிச்சுத்தான் ஏத்தணும், தூங்கிட்டிருக்கற குழந்தையை எழுப்பித் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு கையால ஸ்ட்ரோலரை மடிக்கணும், பக்கத்துல அம்மா முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்கார இடம் தேடுவாங்க, அதுக்கப்புறம் கார் எந்த வரிசைன்னு தேடி, ஹைவேயில ஓட்டி ரூமுக்குப் போகணும். அப்ப ஓட்டறவரும் காலையிலேர்ந்து நடந்து களைச்சவர்தான், இது எனக்கு நிஜமாவே கவலையான விஷயம்.

உள்ள தங்கினா ரிசார்ட் பஸ் பார்க் வாசல்லேர்ந்தே நேரா ஹோட்டலுக்குப் போயிடும். அதுலயும் கியூ உண்டு, அதுலயும் ஸ்ட்ரோலரை மடிக்கணும், ஆனா ஒரே வண்டி. கன்டெம்பரரி ஹோட்டல்லேர்ந்து மேஜிக் கிங்டத்துக்கு நடந்தே போயிடலாம், விலை மட்டும் ரொம்ப அதிகம். நடுத்தர பட்ஜெட்டுக்கு நான் முதல்ல பாக்கறது பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ரெண்டும்தான், ஏன்னா அங்க ஸ்கைலைனர்னு கேபிள் கார் இருக்கு, எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் போகும், சின்ன ஸ்ட்ரோலரை மடிக்காமலே உருட்டிக்கிட்டு ஏறலாம். மின்னல் அடிச்சா நிறுத்திடுவாங்க, அப்ப பஸ்தான், ஃபுளோரிடாவுல கோடையில மத்தியானம் மின்னலும் மழையும் சகஜம்.

அந்த மத்தியானம்தான் பெரியவங்க கூட வர்ற குடும்பத்துக்கு முக்கியம். ஜூன், ஜூலை வெயில்ல 65 வயசுக்கு மேல இருக்கறவங்களை காலை 8லேர்ந்து ராத்திரி 10 வரைக்கும் வெளிய வெச்சிருக்கக் கூடாது. 1 மணிக்கு ரூமுக்கு வந்து சாப்பிட்டு, படுத்து எழுந்து 5 மணிக்குத் திரும்பிப் போறதுதான் சரி. பார்க்லேர்ந்து ரூம் அரை மணிக்குள்ள இருந்தா இத செய்வீங்க, ஒரு மணி நேரம்னா யாரும் செய்ய மாட்டாங்க. அதனால வீட்டுல ரொம்ப மெதுவா நடக்கறவங்க யாரோ அவங்களை வெச்சுத்தான் நான் ஹோட்டலை முடிவு பண்ணச் சொல்றேன்.

உள்ள தங்கறவங்களுக்கு தினமும் அரை மணி முன்னாடி பார்க்குக்குள்ள போகலாம். கேக்க சின்னதா இருக்கும், ஆனா அந்த அரை மணியில பீட்டர் பான் மாதிரி பெரிய கியூ நிக்கற ரைடு ஒண்ணு ரெண்டை முடிச்சிடலாம். ஒரு கண்டிஷன், அதுக்கும் முன்னாடியே வாசல்ல போய் நிக்கணும். உங்க வீட்டுல காலையில 9க்கு முன்னாடி யாரும் குளிச்சுக் கிளம்ப மாட்டாங்கன்னா இந்தச் சலுகைக்காகக் காசு குடுக்காதீங்க. அதைவிட எனக்குப் பெருசாத் தெரியறது லைட்னிங் லேன். இது காசு குடுத்து வாங்கற சின்ன கியூ, 2024 ஜூலையிலேர்ந்து இந்த முறை வந்திருக்கு, உள்ள தங்கறவங்க செக்-இன் தேதிக்கு 7 நாள் முன்னாடியே முழு ட்ரிப்புக்கும் புக் பண்ணலாம், வெளிய தங்கறவங்களுக்கு 3 நாள் முன்னாடிதான். கூட்டமான வாரத்துல ஸ்லிங்கி டாக் டாஷ் மாதிரி ரைடுக்கு நல்ல நேரம் எல்லாம் அந்த நாலு நாள்லயே போயிடும்.

இவ்ளோ சொல்லிட்டு, வெளியதான் தங்கணும்னு நானே சொல்ற குடும்பங்களும் இருக்கு. ஏழு எட்டு பேரா போறீங்கன்னா டிஸ்னியோட விலை குறைவான "வேல்யூ" ஹோட்டல் ரூம்ல நாலு பேர்தான், சுமார் 260 சதுர அடி, ரெண்டு ரூம் எடுத்தா மேல போட்ட கணக்குப்படி ஒரு ராத்திரிக்கே 400 டாலர் தாண்டிடும். அதுக்குப் பதிலா கிஸிமி, டேவன்போர்ட் பக்கம் நாலு பெட்ரூம் வீடு, அடுப்பு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பல வீட்டுல சொந்த நீச்சல் குளத்தோட எடுத்தா அஞ்சு நாளுக்கு மேல தங்கும்போது நல்லாவே கட்டுப்படியாகும். க்ளீனிங் ஃபீன்னு ஒரு தொகை மொத்தமா வாங்குவாங்க, அதனால ரெண்டு மூணு நாளைக்கு வீடு எடுத்தா அது கையைக் கடிக்கும். அப்பாவுக்கு சுகர், மாத்திரை போட்டா நேரத்துக்கு சாப்பிடணும், அம்மா வெளிய ஒண்ணும் தொட மாட்டாங்கன்னா சமையலறை இருக்கறதே பாதி நிம்மதி. காலையில எலுமிச்சை சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கிட்டுப் போங்க, டிஸ்னி பார்க்குக்குள்ள வெளிச் சாப்பாடு எடுத்துட்டுப் போக அனுமதி உண்டு, கண்ணாடி பாட்டில் மட்டும் கூடாது, சூடு பண்ண வேண்டியதா இருக்கக் கூடாது.

ரெண்டையும் கலந்துக்கறதும் நல்ல வழி. முதல் சில நாள் வீடு, ஷாப்பிங், ரெஸ்ட், அப்புறம் டிஸ்னி நாளுக்கு மட்டும் உள்ள ரெண்டு ராத்திரி. செக்-இன் நாள், செக்-அவுட் நாள் ரெண்டுலயும் முன்கூட்டி நுழையற சலுகை உண்டு, அதனால ரெண்டு ராத்திரிக்கு மூணு நாள் கிடைக்கும்.

பக்கத்துலயே இருக்கற யுனிவர்சல்ல கணக்கே வேற. அங்க போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் மூணு ஹோட்டல்ல தங்கினா ரூம்ல இருக்கற எல்லாருக்கும் சின்ன கியூவுல போக விடற எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் பாஸ் ரூம் விலையிலயே வந்துடும், தனியா வாங்கினா சீசன்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கே 100 டாலர் தாண்டும். ஒரு ராத்திரி தங்கினா ரெண்டு நாளைக்குச் செல்லும்கறதால நாலு பேர் குடும்பத்துக்கு விலை அதிகமான ஹோட்டல்தான் லாபமா முடியறது. பழைய ரெண்டு பார்க்குக்குத்தான் இது, 2025 மே மாசம் தொறந்த எபிக் யுனிவர்ஸுக்கு இந்த பாஸ் செல்லாது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் போறவங்களுக்கு அப்படியே தலைகீழ், அனஹெய்ம்ல ஹார்பர் புலவார்ட் ரோட்டுல இருக்கற சாதாரண மோட்டல் சிலது டிஸ்னியோட சொந்த ஹோட்டலைவிட டிஸ்னிலேண்ட் வாசலுக்குக் கிட்ட இருக்கு, அங்க உள்ள தங்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தறதே இல்ல.

புக் பண்ற எடத்துல ரெண்டு மூணு விஷயம். டிஸ்னியில ரூமை மட்டும் தனியா புக் பண்ணினா வர்றதுக்குச் சில நாள் முன்னாடி வரைக்கும் கேன்சல் பண்ணிக் காசு வாங்கிக்கலாம், அதனால சீக்கிரமே போட்டு வெச்சுட்டு டிஸ்கவுன்ட் வந்தா மாத்திக்கலாம். வாடகை வீட்டுல கேன்சலேஷன் விதி கடுமையா இருக்கும், பெத்தவங்க விசா, டிக்கெட் கன்ஃபர்ம் ஆகறதுக்கு முன்னாடி முழுப்பணம் கட்டாதீங்க, புக்கிங் ஆப்புக்கு வெளிய நேரா பணம் அனுப்புங்கன்னு ஓனர் கேட்டா அங்கயே விட்டுடுங்க. சில ஹோட்டல் லாபியில, கிஸிமி ரோட்டோரக் கடையில "டிஸ்னி டிக்கெட் பாதி விலை"ன்னு போர்டு இருக்கும், பின்னாடி டைம்ஷேர், அதாவது வருஷத்துல சில நாள் மட்டும் ஒரு ரிசார்ட்ல தங்கற உரிமையை, விக்கற மீட்டிங் ஒண்ணு இருக்கும், உங்க லீவுல பாதி நாள் அதுலயே போயிடும். யாரோ பாதி உபயோகிச்ச டிக்கெட்டை வாங்கவே வாங்காதீங்க, ஃபுளோரிடாவுல பாதி உபயோகிச்ச பல நாள் டிக்கெட்டை விக்கறது சட்டப்படி குத்தம், கைரேகை வெச்சு செக் பண்ற வாசல்ல குழந்தைங்களோட திரும்பி வர வேண்டியிருக்கும்.