லேவியராகமத்தின் குஷ்டமும் உங்கள் கையில் வரும் தேமலும்

போன மாதம் ஒரு அம்மா வந்தார், நாற்பது வயது இருக்கும். உதட்டோரத்திலும் இரண்டு புறங்கையிலும் பால் மாதிரி வெளுத்திருந்தது. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரியாக முறுக்கி, அந்த வெள்ளையின் மேல் அங்கங்கே தொட்டேன். தொட்ட இடத்தையெல்லாம் விரலால் சரியாகக் காட்டினார். உணர்ச்சி முழுசாக இருக்கிறது, இது வெண்புள்ளி, தொற்றாது, தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஊரில் இதை வெண்குஷ்டம் என்றுதானே சொல்கிறார்கள். ஜெபக்கூட்டத்தில் பைபிளின் லேவியராகமம் 13ஆம் அதிகாரம் (குஷ்டம் உள்ளவன் தீட்டுள்ளவன், பாளயத்துக்கு, அதாவது இஸ்ரவேலரின் முகாமுக்கு, வெளியே தனியாக இருக்க வேண்டும் என்கிற பகுதி) வாசித்த வாரத்திலிருந்து அவர் சபைக்கே போகவில்லையாம். "நான் பாளயத்துக்குப் புறம்பேதானே டாக்டர் இருக்கணும்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிது இல்லை. தோல் மருத்துவம் பார்க்கிற நான் அந்த அதிகாரத்தைப் பலமுறை படித்திருக்கிறேன், அதில் என்னதான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஆசாரியன் (இஸ்ரவேலரின் பூசாரி) முதலில் பார்ப்பது இரண்டு விஷயம்: அந்த இடத்து முடி வெளுத்திருக்கிறதா, அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடப் பள்ளமாகத் தெரிகிறதா. இரண்டும் இல்லையென்றால் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது, ஏழு நாள் அடைத்து வைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும், அப்புறம் தேவைப்பட்டால் இன்னொரு ஏழு நாள். மங்கியிருந்தால் சுத்தம் என்று சொல்லி, துணியைத் துவைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட வேண்டும். இதைவிட ஆச்சரியம் 13ஆம் வசனத்தில் இருக்கிறது. உடம்பு முழுக்க வெளுத்துவிட்டால் அவன் சுத்தமுள்ளவன். தொழுநோயைக் கண்டுபிடிக்கிற எந்த மருத்துவனும் அப்படி எழுத மாட்டான்.

அந்த அதிகாரத்தில் மரத்துப்போவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. விரல் மடங்குவது இல்லை, காலில் ஆறாத புண் இல்லை. தொழுநோயின் முக்கிய அடையாளங்களே இவைதான். மாறாக, அதே நோய் கம்பளித் துணியிலும் சணல் துணியிலும் தோல் சாமான்களிலும் வருகிறது, அடுத்த அதிகாரத்தில் வீட்டுச் சுவரில்கூட பச்சையும் சிவப்புமான குழிகளாக வருகிறது! அப்போது வீட்டுக்காரன் போய் ஆசாரியனிடம் சொல்ல வேண்டும். ஆசாரியன் வருவதற்கு முன்பே வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துவிடச் சொல்கிறான், அவையும் தீட்டாகிவிடக் கூடாதே என்று. நோய் தொடர்ந்து பரவினால் அந்தக் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதுக் கல் வைத்துப் பூச வேண்டும். படிக்கும்போது ஈரச் சுவரில் பிடிக்கிற பூஞ்சைதான் என் கண் முன்னால் வருகிறது. 1873இல் நார்வேயில் ஹான்சன் கண்டுபிடித்த தொழுநோய்க் கிருமியோ சுவரில் என்ன, ஆய்வுக்கூடத் தட்டில்கூட இதுவரை வளர்ந்ததில்லை.

அப்படியானால் குஷ்டம் என்ற சொல் எப்படி உள்ளே வந்தது? மூலமொழியான எபிரெயத்தில் அது 'த்ஸராஅத்'. கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்தவர்கள் 'லெப்ரா' என்று போட்டார்கள், அன்றைய கிரேக்க வைத்தியர்களுக்கு அது செதில் செதிலாக உரிகிற தோல் நோய். நாம் இன்று தொழுநோய் என்பதை அவர்கள் 'எலிபன்டியாசிஸ்' என்றார்கள். பின்னால் வந்த நூற்றாண்டுகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோனது. தமிழில் குஷ்டரோகம் ஆனது, அதுவும் ஆயுர்வேதத்தில் 18 வகைத் தோல் நோய்களுக்குப் பொதுப்பெயராக இருந்த சொல்.

சரி, நான் அந்த அம்மாவிடம் சொன்னது 14ஆம் அதிகாரத்தைப் பற்றி. எல்லோரும் 13ஐ வாசித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நோயாளி "தீட்டு, தீட்டு" என்று கத்திக்கொண்டு போவது மட்டும் மனதில் நிற்கிறது. அதற்கடுத்த அதிகாரத்தின் பெரும்பகுதி குணமானபின் அவனைத் திரும்ப அழைத்துவருவதைப் பற்றியது. அதற்காக ஆசாரியனே பாளயத்துக்கு வெளியே நடந்து போகிறான். உயிருள்ள இரண்டு குருவிகள், கேதுருக்கட்டை, சிவப்பு நூல், ஈசோப்பு என்ற செடி வேண்டும். ஒரு குருவியை மண்பாண்டத்தில் உள்ள ஊற்றுநீரின் மேல் கொன்று, அந்த இரத்தத்தில் மற்றவற்றோடு உயிருள்ள குருவியையும் தோய்த்து, அவன்மேல் ஏழு தரம் தெளித்துவிட்டு, அந்தக் குருவியை வெளியில் பறக்க விடுகிறார்கள். அவன் முடியைச் சிரைத்துக் குளித்துப் பாளயத்துக்குள் வருகிறான், ஆனாலும் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே. ஏழாம் நாள் புருவம்வரை மறுபடி சிரைக்க வேண்டும். எட்டாம் நாள் ஆட்டுக்குட்டிகளும் மாவும் எண்ணெயும். ஏழையாக இருந்தால் ஒரு ஆட்டுக்குட்டியும் இரண்டு புறாவும் போதும்.

அப்புறம் ஆசாரியன் பலியின் இரத்தத்தை அவன் வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசி, அதன்மேலேயே எண்ணெயும் தடவுகிறான். முதல் பிரதான ஆசாரியனான ஆரோனையும் அவன் மகன்களையும் ஆசாரியர்களாக ஏற்படுத்தியபோது இரத்தம் பூசிய அதே மூன்று இடங்கள். ஊருக்கு வெளியே நின்றவனுக்கு ஆரோனுக்குச் செய்த சடங்கு!

இன்னொன்று, இந்தச் சடங்கு எதுவும் வைத்தியம் இல்லை. நோய் நீங்கியிருப்பதைப் பார்த்த பிறகுதான் ஆசாரியன் குருவியையே கொண்டுவரச் சொல்கிறான். மருந்து கொடுப்பது அவன் வேலையே அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் கட்டட வேலை செய்கிற ஒரு தம்பி வந்தார். முழங்கைக்குக் கீழே செம்பு நிறத்தில் ஒரு படை, வலி இல்லை, அரிப்பு இல்லை. பஞ்சால் தொட்டேன், பேனா முனையால் தொட்டேன், ஒன்றும் தெரியவில்லை. எட்டு மாதமாக அபிஷேக எண்ணெய் மட்டும் தடவியிருக்கிறார், அதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்க ஆரம்பித்துவிட்டன. ஜெபியுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் உணர்ச்சி இல்லாத தேமலை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ. மருந்து தொடங்கிய சில நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றாது, வீட்டைவிட்டு யாரும் விலக வேண்டியதில்லை. தாமதத்தால் கெட்ட நரம்பை மட்டும் முழுசாக மீட்பது கஷ்டம்.

அவருக்குப் பரிசோதனைக்காகக் காது மடலைக் கீறித் துளி திசுநீர் எடுத்தேன். வழக்கமாக நாங்கள் எடுக்கிற இடம்தான், ஆனாலும் அன்று எனக்கு அந்த எட்டாம் நாள் ஞாபகம் வந்தது. இப்போது அவர் ஏழாவது மாத்திரை அட்டை சாப்பிடுகிறார். மடங்கிய விரல்களைத் தினமும் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, தொடைமேல் வைத்து மெதுவாக நீட்டுகிறார்.