பூஸ்ட் பெடல் வாங்கும் முன் டிரைவைப் பூஜ்யத்தில் வையுங்கள்

போன மாதம் கானாடுகாத்தானிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி, காரைக்குடியில் இருக்கும் என் சர்வீஸ் மேசைக்கு ஓர் ஓவர்டிரைவ் பெடலைக் கொண்டுவந்தார். எலக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஆம்ப்ளிஃபயர்) நடுவே மாட்டி, காலால் மிதித்து இயக்குகிற பெட்டி அது. பெடல் ஒலியை எவ்வளவு உடைக்க வேண்டும் என்று வைக்கிற குமிழ்தான் டிரைவ். "அண்ணே, டிரைவை ஃபுல்லா வச்சாலும் மெட்டல் சவுண்டு வரல. நேத்து சுத்தமா செத்தும் போச்சு" என்றார். இரண்டு புகாரில் இரண்டாவது சின்ன வேலை. முதலாவதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஆம்ப், பெடல் பழுது பார்க்கிற நான் அடிக்கடி காணும் குழப்பம் இது. ஹெவி மெட்டலில் டிஸ்டார்ஷனை, அதாவது ஒலி உடைந்து வரும் கரகரப்பை, தருவது ஆம்ப். அதற்கு முன்னால் வைக்கிற ஓவர்டிரைவுக்கு வேலையே வேறு: ஒலி ஆம்புக்குள் நுழையுமுன் பேஸைக் கழித்துவிட்டு, மிட்ஸை (நடு ஒலிகளை) தூக்கிக் கொடுப்பது. இப்படிப் பயன்படுத்தும்போது அதை பூஸ்ட் பெடல் என்கிறோம்.

ஏன் கழிக்க வேண்டும்? கிட்டாரின் கீழ் ஈ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். அதை டி சுரத்துக்கு இறக்கி டிராப் டி வைத்தால் 73. இந்த அடிச்சத்தம் அப்படியே ஆம்பின் கெயினுக்குள் (ஒலியைப் பெருக்கி உடைக்கும் பகுதிக்குள்) போனால், மற்றதையெல்லாம் அமுக்கிக்கொண்டு அதுதான் முதலில் உடையும். வேகமான ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியில்) ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இடைவெளியே கேட்காது. தவிலில் தொப்பிப் பக்கம் மட்டும் காதில் விழுந்தால் சொல் புரியுமா? வலந்தலையும் கேட்க வேண்டும். "ஆம்ப்ல பேஸைக் குறைச்சா போதாதா" என்று கேட்பார்கள். பல ஹை கெயின் ஆம்ப்களில் அந்தக் குமிழ் டிஸ்டார்ஷனுக்குப் பிறகுதான் வருகிறது. குழைந்த சோற்றை மறுபடி உதிரியாக்க முடியாது.

ஐபனேஸ் நிறுவனத்தின் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடல் 1970களின் கடைசியில் வந்தது. அதன் கிளிப்பிங் பகுதியில் (ஒலியலையின் முனைகளை வெட்டும் இடத்தில்) 4.7 கிலோஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகப் பெருக்கத்தைக் குறைக்கின்றன. டிரைவ் பூஜ்யத்தில் இருந்தாலும் அதற்கு மேலுள்ள ஒலி ஏறக்குறைய 12 மடங்கு வரை பெருகும். அதனால்தான் மெட்டல்காரர்கள் டிரைவை அடியோடு இறக்கி, லெவலை முழுக்க ஏற்றி, டோனை நடுவில் வைக்கிறார்கள். பாஸ் (Boss) நிறுவனத்தின் எஸ்டி-1 (1981) இதே குடும்பம்தான். இந்த வேலைக்கு எதை வாங்கினாலும் சரி. என்னைக் கேட்டால் விலை குறைந்ததை வாங்குங்கள் என்பேன்.

ட்யூப் ஸ்க்ரீமரில் வந்த 'ஒரிஜினல் 4558 சிப்' என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். நம் ஊரில் அசெம்பிள் செய்கிற ஆம்ப்ளிஃபயர்களின் டோன் போர்டில் பாருங்கள், அதே எண் கொண்ட சிப் உட்கார்ந்திருக்கும். டிரைவைப் பூஜ்யத்தில் வைத்து வாசிப்பவருக்கு அந்த சிப் பெயருக்காகக் கூடுதல் பணம் தண்டம்.

ஒலியை மாற்றாமல் அப்படியே ஏற்றுகிற கிளீன் பூஸ்ட் இதற்கு உதவாது, அது பேஸையும் சேர்த்தே ஏற்றும். பெயரில் 'மெட்டல்' இருக்கிற டிஸ்டார்ஷன் பெடலை ஹை கெயின் ஆம்புக்கு முன்னால் வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். ஆம்பே கிளீனாக, ஒலியை உடைக்காததாக இருந்தால் எந்த பூஸ்ட் பெடலும் மெட்டலைக் கொண்டுவராது. பல பெடல்களின் ஒலியை ஒரே பெட்டியில் தரும் மல்டி எஃபெக்ட்ஸ் இருக்கிறதா? ட்யூப் ஸ்க்ரீமர் மாதிரியான ஒன்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். முதலில் அதை ஆம்ப் மாடலுக்கு முன்னால் போட்டுக் கேளுங்கள்.

பெடலைச் சரிசெய்து, ஞாயிற்றுக்கிழமை நானே தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர், கீழே ஆத்தங்குடி கல், மேலே உயர்ந்த கூரை. துணி, மெத்தை என்று ஒலியை உறிஞ்ச ஒரு சாமான் கிடையாது. தம்பி பாம் மியூட்டில், அதாவது உள்ளங்கையால் கம்பியை லேசாக அமுக்கி, ஒரு அடி அடித்தார். 'கும்ம்ம்' என்று வளவு முழுக்க உருண்டது. டிரைவை இறக்கி லெவலை ஏற்றினேன். ஆம்பின் கெயினையும் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன், அவருக்கு மனசே வரவில்லை. மறுபடி அடித்தார். 'டக் டக் டக்' என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. தனியாக வாசிக்கும்போது சத்தம் கொஞ்சம் மெலிந்த மாதிரிதான் இருக்கும், பயப்படாதீர்கள். பேஸ் கிட்டார் சேர்ந்ததும் சரியாகிவிடும்.

அந்த வீட்டில் இன்னொன்றையும் பார்த்தேன். ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து, பழைய இரண்டு பின் சாக்கெட்டில் சொருகியிருந்தார்கள். வயரிங்கில் கோளாறு வந்தால் கம்பியில் கை, மைக்கில் உதடு என்று நிற்பவர் உடம்பு வழியாக 230 வோல்ட் இறங்கும். ஹம் (ஆம்பின் 'ம்ம்' இரைச்சல்) போகட்டும் என்று எர்த்தைக் கழற்றுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அன்றைக்கு ஆம்பை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பெடல் செத்த கதைக்கு வருகிறேன். இந்த வகைப் பெடல்களுக்குப் பொதுவாக 9 வோல்ட் டிசி, நடுப் பின் நெகட்டிவ். தம்பி போட்டது வீட்டு வைஃபை ரூட்டரின் அடாப்டர். அதுவும் 9 வோல்ட்தான், ஆனால் நடுப் பின் பாசிட்டிவ். உள்ளே பாதுகாப்பு டயோடு கருகியிருந்தது. டயோடை மாற்றியதும் பெடல் பிழைத்துக்கொண்டது. அடாப்டர் ஸ்டிக்கரில் இருக்கிற வட்டப் படத்தில், நடுப் புள்ளியிலிருந்து வரும் கோடு எந்தக் குறிக்குப் போகிறது என்று பாருங்கள். அது மைனஸாக இருக்க வேண்டும். "ரெண்டு நாளா நெட்டு வரலையேன்னு நானும் தேடிக்கிட்டே இருக்கேன்" என்றார் அவருடைய அப்பத்தா, காபி டபராவை நீட்டியபடி.