எந்தப் பிரிண்டர் வாங்கலாம்? முதலில் ஹெட்டைப் பாருங்கள்

கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்கு ஆல்-இன்-ஒன் பிரிண்டர் வாங்கப் போனால், பட்ஜெட்டைக் கேட்டதும் விலை குறைந்த கார்ட்ரிஜ் மாடலைத்தான் காட்டுவார்கள். பக்கத்திலேயே இரண்டு மூன்று மடங்கு விலையில் இங்க் டேங்க் மாடல் இருக்கும். ஸ்கேனர் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கண்ணாடிக்கு அடியில் ஒரு சென்சார் பட்டை நகர்ந்து பக்கத்தை வரி வரியாகப் படிக்கிறது. வித்தியாசம் மையைத் தெளிக்கும் ஹெட்டில் இருக்கிறது.

ஹெட்டின் அடியில் தலைமுடியைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான துளைகள். அவற்றிலிருந்து வரும் துளியின் அளவு சில பிகோலிட்டர்தான். ஒரு லிட்டரை லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பிகோலிட்டர். இத்தனை சின்னத் துளியைத் தள்ள இரண்டு வழி உண்டு. ஒன்று சூடு. 1977-இல் கேனன் ஆய்வுக்கூடத்தில், சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் பட்டது. ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. பபிள் ஜெட் பிரிண்டர் பிறந்தது அப்படித்தான். துளைக்குப் பக்கத்தில் உள்ள குட்டி ஹீட்டர் சில மைக்ரோ விநாடிக்குள் சுமார் 300 டிகிரி வரை சூடாகும். மையில் ஆவிக் குமிழி கிளம்பி, முன்னால் இருக்கும் மையை வெளியே தள்ளிவிடும். எச்பி பிரிண்டர்களும் இந்த வகைதான். எப்சன் வழி வேறு. மின்சாரம் கொடுத்தால் உருமாறும் பீசோ படிகம் மையை அழுத்தித் தள்ளுகிறது, சூடே கிடையாது.

சூட்டு முறை ஹெட்டை சிலிக்கான் சிப் செய்வதுபோல மலிவாகச் செய்யலாம். அதனால்தான் பல கார்ட்ரிஜ்களில் ஹெட்டும் சேர்ந்தே வருகிறது. மை தீர்ந்தால் அதையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறோம். சின்ன கார்ட்ரிஜில் நூறு, இருநூறு பக்கம் வரும். ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் அடித்தால் காலி! இங்க் டேங்கில் மையை மட்டும் ஊற்றினால் போதும். எப்சனின் 003 கறுப்பு பாட்டிலில் 65 மில்லி. நிறுவனக் கணக்குப்படி 4,500 பக்கம். படங்களாக அடித்தால் மளமளவென்று குறையும் என்பது வேறு விஷயம்.

சரி, அப்படியென்றால் டேங்க்தானா? வாரா வாரம் அசைன்மென்ட் அடிப்பவருக்கு ஆமாம். செமஸ்டர் லீவில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால் துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஹெட் சேர்ந்த கார்ட்ரிஜ் என்றால் புதிது போட்டால் தீர்ந்தது. டேங்க் பிரிண்டரில் ஹெட் கிளீனிங் கொடுக்க வேண்டும். அது மையை உறிஞ்சி அடியில் உள்ள பஞ்சு மெத்தையில் கொட்டும். மெத்தை நிரம்பிவிட்டதாகக் கணக்கு காட்டினால் பிரிண்டர் வேலைநிறுத்தம்தான். கறுப்பில் மட்டும் நிறைய அடிப்பவர் லேசரையும் பார்க்கலாம். அதில் மைக்குப் பதில் டோனர் என்னும் தூள் என்பதால் காய்வதற்கு ஒன்றுமில்லை. கறுப்பு-வெள்ளை லேசரில் கலர் மட்டும் கிடைக்காது. மாதம் பத்துப் பக்கம்தான் என்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடையே லாபம்.

இங்க் பிரிண்டர் எதுவானாலும் அதன் பட்டனை அழுத்தித்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் ஓரமாக நகர்ந்து ரப்பர் மூடியின்மேல் உட்காரும். பிரிண்ட் ஓடும்போதே சுவர் சுவிட்சை அணைத்தால், ஹெட் நின்ற இடத்திலேயே திறந்தபடி காயும்.