எளிமை மதிப்பெண்ணை நம்பி நோயாளிக் குறிப்பை அச்சடிக்காதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பல கிளினிக்குகளில் நோயாளியின் கையில் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பைக் கொடுத்தனுப்புகிறார்கள். என்ன சாப்பிடலாம், ரத்தப் பரிசோதனைக்கு எப்படி வரவேண்டும், காலை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். நல்ல பழக்கம்தான். ஆனால் அச்சுக்கு அனுப்பும் முன் அதை இணையத்தில் இருக்கும் வாசிப்பு எளிமைச் சோதனை ஒன்றில் ஒட்டி, "ஆறாம் வகுப்பு நிலை வந்துவிட்டது, எல்லோருக்கும் புரியும்" என்று முடிவு கட்டுகிறார்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளைப் பார்ப்பவன், அவர்களுக்கான குறிப்புகளை எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தமிழுக்கு அந்த எண் செல்லாது.

காரணம், அந்தச் சோதனைகள் பிறந்த இடம். ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948-ல் அமெரிக்காவில் ஒரு சூத்திரம் வகுத்தார். ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை சொற்கள், ஒரு சொல்லில் சராசரியாக எத்தனை அசைகள் (உச்சரிக்கும்போது பிரியும் ஒலித் துண்டுகள்), இந்த இரண்டை மட்டுமே அது பார்க்கும். 206.835-லிருந்து முதலாவதை 1.015-ஆலும் இரண்டாவதை 84.6-ஆலும் பெருக்கிக் கழித்தால் மதிப்பெண் வந்துவிடும். கூடினால் எளிது, குறைந்தால் கடினம். 1975-ல் கின்கெய்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்கக் கடற்படைக்காக இதையே பள்ளி வகுப்புக் கணக்காக மாற்றினார்கள். ஆக, திரையில் தெரியும் 'ஆறாம் வகுப்பு' அமெரிக்காவின் ஆறாம் வகுப்பு. கடலூர் மஞ்சக்குப்பத்துப் பள்ளியின் ஆறாம் வகுப்பு இல்லை.

ஆங்கிலத்துக்கே இது அரைகுறை அளவுகோல்தான். 1952-ல் வந்த கன்னிங் ஃபாக் சூத்திரம் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அசைகள் கொண்ட சொற்களைக் கடினம் என்று எண்ணும். அதன் கணக்கில் 'ஹாஸ்பிட்டல்' கடினம், 'டயபெட்டிஸ்' கடினம். 'ஸ்டென்ட்' (ரத்தக் குழாயில் வைக்கும் சிறு குழாய்), 'செப்சிஸ்' (கிருமித் தொற்றால் வரும் ஆபத்தான நிலை) எளிது! எங்கள் ஓபி வரிசையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் நேர் எதிராகச் சொல்வார்கள்.

தமிழை ஒட்டினால் இன்னும் வேடிக்கை. பல கருவிகள் அசையை எண்ணுவதற்கு ஆங்கில உயிரெழுத்துகளைத் தேடும். தமிழ்ச் சொல்லில் அவை கிடைக்காது. அப்போது கருவி ஒவ்வொரு சொல்லையும் ஓரசையாக எடுத்துக்கொண்டால், பன்னிரண்டு சொல் வாக்கியங்களால் ஆன பத்திக்கு 110 வரும். அசையே இல்லை என்று எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 195 வரும். 60, 70 வந்தாலே எளிய ஆங்கிலம் என்று மகிழும் அளவுகோலில் இது. எவ்வளவு கரடுமுரடான தமிழை ஒட்டினாலும் 'மிக எளிது' என்று பாராட்டு கிடைக்கும்.

அசையை விட்டுவிட்டு எழுத்தை எண்ணும் சோதனைகளும் உண்டு. 'கொடுக்கவும்' என்பதில் நமக்கு ஆறு எழுத்து. கொம்பு, புள்ளி, உகரக் குறி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் கருவிக்கு அது பதினொன்று. அப்புறம் இந்தப் புள்ளிகள். 'மி.கி.', 'மி.லி.' என்று எழுதினால் ஒவ்வொரு புள்ளியிலும் வாக்கியம் முடிந்ததாக நினைத்துக்கொள்ளும் கருவி உண்டு. முற்றுப்புள்ளி இல்லாத பட்டியலைக் கொடுத்தால் மொத்தத்தையும் ஒரே வாக்கியமாக எண்ணிவிடும்.

சரி, அசையைச் சரியாக எண்ணும் தமிழ்க் கருவி ஒன்றை யாராவது செய்துவிட்டால் போதுமா? போதாது. தமிழில் நீளமும் கடினமும் ஒன்றாக நடப்பதில்லை. 'சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது' என்பது பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஆயாவுக்கும் புரியும். 'சிரை' (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) இரண்டே எழுத்து, படித்தவர்களே தடுமாறுவார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், "கால் மரத்துப்போன, புண் ஆறாத, இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளிகள்" என்று அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போனால், என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது வரி முடியும்வரை தெரியாது. அந்தச் சுமை எந்தச் சூத்திரத்திலும் இல்லை. "சாப்பாட்டுக்கு முன்" என்பதை "சாப்பாட்டுக்குப் பின்" என்று தவறாக அச்சடித்தாலும் மதிப்பெண் அசையாது.

இன்னொன்று, எளிய வாக்கியமே சிக்கலைக் கொண்டுவரும். "இரவு உணவுக்குப் பின் 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வரவும்." இதில் கடினமான சொல் எதுவும் இல்லை. ஆனாலும் காலையில், "நைட்டு சாப்பிட்டதோட சரி டாக்டர், வரும்போது ஒரு டீ மட்டும்தான் குடிச்சேன்" என்பார்கள். டீ குடிப்பதை நம் ஊரில் யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. சர்க்கரையும் பாலும் போன பிறகு அது வெறும் வயிற்றுப் பரிசோதனை ஆகாது. "டீ, காபி, பால் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம்" என்று இரண்டு வரி சேர்த்தால் பிரச்சினை பெரும்பாலும் தீரும். இந்த ஓட்டை மதிப்பெண்ணில் தெரியாது, ஆளிடம் பேசினால்தான் தெரியும்.

தேவனாம்பட்டினம் மீனவரிடம் "வெறுங்காலுடன் நடக்காதீர்கள்" என்ற குறிப்பைக் கொடுப்பதும் இப்படித்தான். படித்துவிடுவார், புரிந்தும்விடும், ஆனால் ஈரமான படகில் செருப்போடு நின்று வலை இழுக்க முடியாது. அவருக்கு வேண்டியது வேறு: கால் உணர்வு குறைந்திருந்தால் உச்சி வெயிலில் மணல் சுடுவது தெரியாது, அதனால் கரையில் கால் வைத்ததும் செருப்பு, வீட்டுக்குப் போனதும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பார்ப்பது.

அப்படியானால் எதை வைத்துச் சோதிப்பது? குறிப்பை அச்சடிக்கும் முன் நான்கைந்து நோயாளிகளிடம் கொடுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், டாக்டர் மனசு நோகக் கூடாது என்றே எல்லோரும் தலையாட்டுவார்கள். "இதுல இருக்கிறபடி நாளைக்குக் காலைல என்னம்மா செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் எங்கே பிசகுகிறதோ அந்த வரியைத் திருத்துங்கள். கொஞ்சம் முறையாகச் செய்ய விரும்பினால், வில்சன் டெய்லர் 1953-ல் சொன்ன வழி இருக்கிறது. ஐந்தாவது சொல் ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு, வாசிப்பவரை நிரப்பச் சொல்வது. தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டியிருப்பதால் ஏழாவது சொல்லை அழிப்பது நியாயமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

இணையச் சோதனையை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம். ஆங்கிலக் குறிப்பு எழுதினால், முதல் வரைவையும் திருத்தியதையும் ஒப்பிட அது உதவும். வேர்டு மென்பொருளிலேயே அந்த வசதி உண்டு. முன்பின் தெரியாத இலவசத் தளங்களில் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பெயர், வயது, கோப்பு எண்ணோடு அப்படியே ஒட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த எழுத்து எங்கே சேமிக்கப்படும் என்று ஒட்டுபவருக்கே தெரியாது.

கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத பாட்டிக்கு எட்டுப் பாயிண்ட் எழுத்தில் எவ்வளவு எளிமையாக எழுதினாலும் பயனில்லை. பதினான்கு பாயிண்டாவது வையுங்கள். படிக்கவே தெரியாதவர்களுக்குப் பேரனோ பேத்தியோதான் வாசித்துக் காட்டுவார்கள். அதனால் எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்துப் பாருங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். அதே குறிப்பை ஒரு நிமிடக் குரல் பதிவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், பேரன் வீட்டில் இல்லாத நேரத்திலும் பாட்டி கேட்டுக்கொள்வார்.