கூரை நம்முடையது, பேனல் யாருடையது?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை நடத்துபவர்களிடம் சோலார் கம்பெனிகள் சொல்வது இதுதான்: கூரையைக் கொடுங்கள், முதலீடு எங்களுடையது, 25 வருஷம் மலிவாகக் கரண்ட். கூட்டுறவுத் தொழிற்சாலை என்றால் அந்தக் கூரை சிறு விவசாயிகளின் சொத்து. நிதானமாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

உற்பத்தியாகும் யூனிட் முழுவதற்கும், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பணம் கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருக்கலாம். அடி விழுவது அங்கேதான். சாயங்காலம் வந்த பச்சை இலை இரவு முழுக்க வாடும்; பல இடங்களில் ரோலரும், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மெஷினும் விடியுமுன்னே ஓடத் தொடங்கிவிடும். வெயில் ஏறி பேனல் முழு வீச்சில் தரும்போது பாதி மோட்டார் நின்றிருக்கும். ஆகவே முதலில், கொழுந்து அதிகம் வரும் மாதத்தில் ஒரு வாரம், குறைந்த மாதத்தில் ஒரு வாரம், மணிக்கு மணி மீட்டர் ரீடிங் எழுதுங்கள். பகல் தேவையை வைத்தே எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்யுங்கள். வருஷாவருஷம் விலை எவ்வளவு ஏறும், தகரம் மாற்றப் பேனலைக் கழற்றினால் செலவு யாருடையது, எந்த வருஷம் என்ன விலைக்கு நாமே வாங்கிக்கொள்ளலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். நம் நீலகிரியின் பைக்காரா ஆற்றிலிருந்து 1932-இல் வரத் தொடங்கிய மின்சாரம் கோவை மில்களை வளர்த்தது. இந்த முறையாவது மலைக்காரர்கள் பங்குதாரர்களாக இருக்கட்டும்.

வீடுகளுக்கு ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஆனால் கூரை உரிமையும் ஈ.பி. இணைப்பும் வேண்டும். தலைமுறையாக எஸ்டேட் கொடுத்த வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் இருக்கும் தோட்டத் தொழிலாளிக்குக் கூரையும் சொந்தமில்லை, மானியமும் எட்டாது. இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

வேலை விஷயம். பேனல் மாட்டுவது சில நாள் வேலை. பராமரிப்புத்தான் 25 வருஷம். பனிமூட்டத்தில் பேனலின் கீழ் விளிம்பில் நீர் தேங்கி, தூசியோடு காய்ந்து, விரலகலத்துக்குப் பாசி கட்டும். கடைசி வரிசை செல்கள் மறைந்தால் அந்தப் பேனல் மட்டுமல்ல, அதோடு தொடராக இணைந்தவற்றின் உற்பத்தியும் குறையலாம். தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் நிழலும் அப்படித்தான். வெயில் ஏறுமுன் வெறும் தண்ணீரும் மென்துணியும் போதும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. ஏப்ரல், மே இடிமழைக்கு முன் எர்த்திங்கை அளக்க வேண்டும். இடிதாங்கிக்குத் தனி எர்த் குழி வேண்டும். இதற்கு ஊரிலுள்ள ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் போதும். மாதச் சம்பளம், பாதுகாப்பு பெல்ட், விபத்துக் காப்பீடு மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உள்ளூர் ஆள் இல்லாவிட்டால், மலைப்பாதையில் மண் சரிந்தால் கோவையிலிருந்து டெக்னீஷியன் ஏறி வரும்வரை, பேனல் கரண்டை நம் லைனுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் நின்றுபோனால் நின்றபடியே கிடக்கும்.